ஒரு புழுவில் 24 சதவீதம், இன்னொன்றில் 10 சதவீதம்: மீதித் தாளம் எங்கே போனது?

மட்டிப்பழம் எழுதியது:

வணக்கம். எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம், ஊர் குலசேகரம் பக்கம், படிப்பது நாகர்கோவிலில். ப்ராஜெக்டில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு வாரமாக அங்கேயே நிற்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சி. எலிகன்ஸ் என்கிற நூற்புழு முட்டையை விட்டு வந்ததிலிருந்து பெரிய புழுவாகும் வரை நான்கு முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு தோலுரிப்புக்கும் ஒரு சுற்று என்று ஆயிரக்கணக்கான ஜீன்களின் வெளிப்பாடு (ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பது) ஏறி இறங்குகிறது, 25 டிகிரியில் வளர்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8 மணி நேரம். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் தாளம் என்கிறேன். சுவிட்சர்லாந்தில் பாசலில் இருக்கும் குழு 2020-இல் போட்ட கட்டுரையில் இப்படி அலையும் ஜீன்கள் 3,700-க்கு மேல், 24 சதவீதம் என்று இருக்கிறது. அடுத்த வருடமே ஜெர்மனியில் டூபிங்கனில் இருந்து பிரிஸ்டியோங்கஸ் பசிஃபிகஸ் என்ற இன்னொரு நூற்புழுவுக்கு இதே மாதிரி செய்திருக்கிறார்கள். 60 மணி நேர வளர்ச்சி, 38 நேரப்புள்ளிகள், கூட்டமாக அரைக்காமல் தனித்தனிப் புழுவாக எடுத்து ஆர்.என்.ஏ. படித்திருக்கிறார்கள். அதில் அலையும் ஜீன்கள் 3,000-ஐ ஒட்டி வருகிறது, 10 சதவீதம்.

24 எங்கே, 10 எங்கே? பிரிஸ்டியோங்கஸ் வம்சத்தில் பாதிக்கு மேல் தாளம் தொலைந்துவிட்டது என்று எழுதலாமா? முதல் வரைவில் அப்படித்தான் எழுதி வைத்தேன். கைடு ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு "நல்லா இருக்கு" என்று கையெழுத்தும் போட்டுவிட்டார், அதனால்தான் பயமாக இருக்கிறது.

அடுத்தது, இரண்டு டேட்டாவையும் மணிக்கணக்கில் ஒரே கிராஃபில் போட்டேன். முதல் மேடு ஓரளவு பக்கத்தில் பக்கத்தில் வருகிறது, இரண்டாவது விலகுகிறது, மூன்றாவதில் ஒன்று மேட்டில் நிற்க மற்றது பள்ளத்தில் கிடக்கிறது, நான்காவது மேடு பிரிஸ்டியோங்கஸில் கிடையவே கிடையாது. ஒரே ஜீனின் இரண்டு இனத்துச் சொந்தங்கள் இப்படி எதிரெதிராக ஓடுவது உண்மையான பரிணாம மாற்றமா, இல்லை நான் போட்ட கிராஃபின் கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புழுவண்ணன் எழுதியது:

மக்களே, முதலில் அந்த "பாதிக்கு மேல் தொலைந்துவிட்டது" வரியை அடித்துவிடு, அப்புறம் பேசலாம். (நானும் தக்கலைக்காரன்தான், இப்போது பெங்களூரில் புழு வளர்க்கிறேன், அம்மா இன்னும் "மாடு வளத்திருக்கலாம்" என்கிறாள்.)

சதவீதத்தைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் எண்ணைப் பார். 3,700, 3,000. ஐந்துக்கு நான்கு. பாதி எங்கே வந்தது? கீழே வகுக்கிற எண்ணில் வந்தது. 24 சதவீதம் என்பது அந்தப் பரிசோதனையில் வெளிப்பாடு தெரிந்த ஜீன்களில் 24 சதவீதம். சி. எலிகன்ஸின் மொத்த ஜீன்கள் 20,000 சொச்சம், அதில் வகுத்தால் 19-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பிரிஸ்டியோங்கஸுக்குச் சொன்ன 10 சதவீதமோ மொத்த ஜீன்களில். அங்கே மொத்தம் 29,000-ஐத் தொடுகிறது. தெரிந்த ஜீன்களை மட்டும் எடுத்தால் 23,000 சொச்சம், அதில் வகுத்தால் 13 வருகிறது. நீ ஒரு பக்கம் ஒரு படியாலும் மறுபக்கம் வேறு படியாலும் அளந்து நெல் குறைகிறது என்கிறாய்.

படியைச் சரிசெய்தாலும் வித்தியாசம் மிச்சம் இருக்கும்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மிச்சம் எதனால் என்று அந்த டூபிங்கன் கட்டுரையிலேயே ஒரு துப்புக் கிடைக்கிறது: அலையும் ஜீன்களில் பழைய ஜீன்கள்தான் எதிர்பார்ப்புக்கு மேல் அதிகம். பிரிஸ்டியோங்கஸில் அந்த வம்சத்துக்கு மட்டுமே உரிய, வேறெங்கும் சொந்தம் கண்டுபிடிக்க முடியாத புது ஜீன்கள் ஏராளம். பழைய வீட்டுக்காரர்கள் தாளம் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், வீட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்த கூட்டம் அதில் கலக்கவில்லை. இதற்கும் தொலைந்துபோவதற்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள். எத்தனை மடங்கு ஏறி இறங்கினால் "அலைகிறது" என்று கணக்கில் சேர்ப்பது என்ற வரம்பும் இரண்டு குழுவுக்கும் ஒன்றல்ல. அந்த வரம்பைக் கொஞ்சம் நகர்த்தினாலே நூற்றுக்கணக்கில் ஜீன்கள் உள்ளே வரும், வெளியே போகும். முடிந்தால் இரண்டு டேட்டாவையும் ஒரே ஸ்கிரிப்டில் ஒரே வரம்போடு நீயே ஓட்டு.

இனி உன் கிராஃப். நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டத்துக்கு ஒரு பாயிண்ட் டு பாயிண்ட்டும் ஒரு சாதா பஸ்ஸும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. நாற்பதாவது நிமிடத்தில் இரண்டும் எங்கே என்று கேட்டால் ஒன்று அழகியமண்டபத்தில் இருக்கும், மற்றது வில்லுக்குறியில் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும். அதற்காக இரண்டும் வேறு ரூட் என்றா சொல்வாய்? பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம் என்று வரிசை ஒன்றா என்று பார்க்க வேண்டும். உனக்குத் தோலுரிப்புதான் நிறுத்தம். ஒரு தோலுரிப்பில் இருந்து அடுத்த தோலுரிப்பு வரை 0 முதல் 360 டிகிரி என்று வை, மணியைத் தூக்கிப் போடு.

நான்காவது மேடு காணவில்லை என்றாயே, அது காணாமல் போகவில்லை, முட்டைக்குள் முடிந்துவிட்டது. பிரிஸ்டியோங்கஸ் முதல் தோலை முட்டைக்குள்ளேயே உரித்துவிட்டு இரண்டாம் பருவப் புழுவாகத்தான் வெளியே வருகிறது. அதனால் பொரிந்த நேரத்தைப் பூஜ்ஜியமாக வைத்து முன்னோக்கிப் பொருத்தினால் ஒன்றின் முதல் சுற்றும் மற்றதன் இரண்டாம் சுற்றும் ஒட்டிக்கொள்ளும். கடைசித் தோலுரிப்பில், அதாவது பெரிய புழுவாகும் இடத்தில் கொக்கி போட்டுப் பின்னோக்கி வா. மூன்று சுற்று கிடைக்கும், அது போதும்.

இன்னொன்று. நம் உடம்பின் 24 மணி நேரக் கடிகாரம் மாதிரி இதை நினைத்துவிடாதே. அந்தக் கடிகாரத்தின் பீரியட் என்ற ஜீனுக்குப் புழுவில் உள்ள சொந்தம் லின்-42, அதுவும் தோலுரிப்புக்கு ஒரு தடவை என்றுதான் ஏறி இறங்குகிறது. ஆனால் பகல் இரவுக் கடிகாரம் சூடு கூடினாலும் குறைந்தாலும் 24 மணி நேரத்தை விட்டு அதிகம் நகராது. புழுவின் தாளம் அப்படியில்லை, குளிரில் இழுத்துக்கொண்டு போகும், சூட்டில் ஓடும். ஆகவே இரண்டு ஆய்வகத்து மணிக்கணக்கை அப்படியே பக்கத்தில் வைப்பதில் அர்த்தமே இல்லை.

தோலுரிப்பை மைக்ராஸ்கோப்பில் நீயே ஒரு தடவை பார்த்துவிட்டால் இதெல்லாம் புரிந்துவிடும். சாப்பிடுகிற புழுவின் தொண்டை விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே அரவை நடப்பது தெரியும். தோலுரிக்கும் நேரம் வந்ததும் அது சட்டென்று நின்றுவிடும், ஆளும் அசையாமல் கிடப்பான். சி. எலிகன்ஸில் இரண்டு மணி நேரம் போல அப்படிக் கிடந்துவிட்டு, பழைய தோலின் மூக்கு நுனியை முட்டி உடைத்துக்கொண்டு வருவான். முதல் தடவை பார்த்தபோது செத்துவிட்டது என்று நினைத்து ஒரு தட்டு முழுவதையும் கொட்டிவிட்டேன்.

மார்த்தாண்டம்_தேன் எழுதியது:

எனக்குப் புழு தெரியாது, புள்ளியியல் தெரியும். புழுவண்ணன் சொன்னதில் பாதிக்கு மேல் சரி, ஒரு இடத்தில் மட்டும் தகராறு.

தோலுரிப்புக்குத் தோலுரிப்பு 360 டிகிரி என்று நேராகப் பிரிப்பது, ஒவ்வொரு சுற்றும் உள்ளுக்குள் ஒரே வேகத்தில் நடக்கிறது என்று எடுத்துக்கொள்வது மாதிரி. முதல் பருவம் நீளும், நடுவில் உள்ளது சுருங்கும். அதோடு தனிப்புழு டேட்டாவில் ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் இருப்பது வேறு வேறு புழு, ஏனென்றால் ஆர்.என்.ஏ. எடுக்கப்பட்ட புழு அத்தோடு முடிந்தது. 20-ஆவது மணியில் எடுத்தது சோம்பேறியாகவும் 21-இல் எடுத்தது சுறுசுறுப்பாகவும் இருந்தால் நடுவில் ஒரு தாவல் தெரியும், அது தாளத்தில் இருக்கும் தாவல் இல்லை. கூட்டமாக அரைத்த டேட்டாவில் இந்தத் தொல்லை இல்லை, பதிலுக்கு வேறொன்று: ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒன்றாகத் தொடங்கினாலும் போகப்போகப் பிரிந்துவிடும், கடைசிச் சுற்றுகளில் மேடும் பள்ளமும் கலந்து வீச்சு (மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்) குறைந்த மாதிரி தெரியும். வீச்சை இரண்டு இனத்துக்கும் ஒப்பிட்டு ஒரு வரிகூட எழுதாதே தங்கச்சி, கட்டத்தை, அதாவது சுற்றில் எந்த இடத்தில் உச்சம் வருகிறது என்பதை மட்டும் ஒப்பிடு.

செய்ய வேண்டியது இதுதான். அலையும் ஜீன்களை மட்டும் எடுத்து பி.சி.ஏ. (ஆயிரக்கணக்கான எண்களை இரண்டு மூன்று அச்சுகளில் சுருக்கிக் காட்டும் முறை) போடு, மாதிரிகள் ஒரு வட்டமாக உட்காரும், அடுத்த சுற்றின் மாதிரி பழைய சுற்றின் பக்கத்திலேயே வந்து உட்காரும். அந்த வட்டத்தில் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுதான் அந்தப் புழுவின் உண்மையான நேரம். ஆனால் அதே ஜீன்களை வைத்து நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதே ஜீன்களின் கட்டம் இரண்டு இனத்திலும் ஒத்துப்போகிறது என்று சொன்னால் அது பிராடு. ஜீன்களை இரண்டாகப் பிரி, ஒரு பாதியில் நேரம் எடு, மறுபாதியில் சோதி.

சாதாரணக் கோரிலேஷன் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். போடாதே. 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் வித்தியாசம் 20-தான், 340 இல்லை. இரவு 11.50-க்கும் 12.10-க்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு நாள் என்று உன் ஸ்கிரிப்ட் சொல்லிக்கொண்டிருக்கும். வட்டத் தரவுக்கு என்று தனியான கோரிலேஷன் இருக்கிறது, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் பேக்கேஜும் உண்டு.

பூஜ்ஜியம் எங்கே என்பது இரண்டு டேட்டாவிலும் நாமாக வைத்ததுதான், அதனால் ஒன்றைச் சுழற்றி மற்றதோடு பொருத்தலாம், தப்பில்லை. ஆனால் சுழற்ற விட்டால் எந்தக் குப்பையும் கொஞ்சம் பொருந்தும். ஆகவே தற்செயலாக எவ்வளவு பொருந்தும் என்று பார்க்கச் சொந்தங்களின் ஜோடியைக் கலைத்துப் போட்டு ஆயிரம் முறை ஓட்டும்போதும் ஒவ்வொரு முறையும் அதே சுழற்றலைச் செய். பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஏத்தன்குலை எழுதியது:

நான் படித்தவன் இல்லை, பிளஸ் டூவோடு சரி, திருவட்டாரில் வாழை போட்டிருக்கிறேன். நூற்புழு என்று தலைப்பில் பார்த்ததும் உள்ளே வந்தேன். போன வருடம் ஆடிக் காற்றில் குலை தள்ளிய ஏத்தன் வேரோடு சாய்ந்தது, முட்டுக் கொடுத்தும் நிற்கவில்லை. கிழங்கை வெட்டிப் பார்த்தால் செம்பழுப்பாக அரித்துக் கிடந்தது, சில வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தது. கன்றுக் கிழங்கைச் சீவி நடு, ஊடே கேந்தி (செண்டுமல்லி) போடு என்றார்கள், போட்டேன், பரவாயில்லை. இப்போது கேள்வி: இந்தத் தாளம் என்கிறீர்களே, அது எங்கள் விளையில் கிடக்கிற புழுவுக்கும் உண்டா? உண்டென்றால் அதைக் கெடுத்துப் புழுவைக் கொல்ல முடியாதா? பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புழுவண்ணன் எழுதியது:

இதில் கோபிக்க என்ன இருக்கிறது சித்தப்பா, இந்தத் திரியிலேயே உருப்படியான கேள்வி இதுதான்.

செம்பழுப்பாக அரித்துச் சாய்த்தது பெரும்பாலும் துளைக்கும் நூற்புழுவாக இருக்கும், ரடோபோலஸ் என்பார்கள். முடிச்சுப் போட்டது வேர்முடிச்சு நூற்புழு, அது மெலாய்டோகைன், வேறு ஆள். இந்த இரண்டாவது ஆளைத்தான் கவனிக்க வேண்டும். அதுவும் பிரிஸ்டியோங்கஸ் மாதிரியே முதல் தோலை முட்டைக்குள் உரித்துவிட்டு இரண்டாம் பருவமாக மண்ணுக்கு வருகிறது. வந்ததும் வளர்வதில்லை. வேர் கிடைக்கும் வரை அதே பருவத்தில் காத்துக் கிடக்கும். வேருக்குள் புகுந்து உட்கார்ந்து, தின்று கொழுத்த பிறகு மிச்ச மூன்று தோலையும் கிடுகிடுவென்று உரித்துவிடும், நடுவில் உள்ள இரண்டு பருவத்திலும் சாப்பாடே கிடையாது.

சி. எலிகன்ஸும் பொரிந்ததும் சாப்பாடு இல்லையென்றால் அந்த முதல் பருவத்திலேயே நின்றுவிடும், ஜீன் அலையும் கூடவே நிற்கும். மட்டிப்பழம் மேலே சொன்ன 2020 கட்டுரையின் அழகே அதுதான்: அலை எங்கு வேண்டுமானாலும் நிற்பதில்லை, எப்போதும் ஒரே கட்டத்தில்தான் நிற்கிறது. பெரிய புழுவானதும் தாளம் ஓய்கிறதே, அப்போதும் அதே இடம். பஸ் நடுரோட்டில் நிற்பதில்லை, டிப்போவில்தான் நிற்கிறது. வேர்முடிச்சுப் புழு மண்ணில் காத்திருக்கும்போது அதன் ஜீன்களும் அதே கட்டத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தால், மட்டிப்பழம், உனக்கு பிஎச்.டி.க்கே விஷயம் இருக்கிறது.

கொல்வதைப் பற்றி. தாளத்தை ஓட்டுகிற முக்கியமான ஜீன்களில் ஒன்று என்.எச்.ஆர்-23, அதை அடக்கினால் புழுவால் ஒழுங்காகத் தோலுரிக்க முடியாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் சொந்தம் பூச்சியிலும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. அதைக் குறிவைத்து மருந்து அடித்தால் தேனீக்கும் சேர்த்து அடித்த மாதிரி ஆகலாம், மார்த்தாண்டம்_தேன் அடிக்க வருவார். இப்போதைக்குக் கேந்தியே நல்லது.

இதைச் சொல்லும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பூச்சிகள் தோலுரிப்பது எக்டைசோன் என்ற ஹார்மோன் சொல்லி. அதை வாங்குகிற ஏற்பியின் ஜீன் சி. எலிகன்ஸில் இல்லை, தொலைத்துவிட்டது. ஆனால் பிரிஸ்டியோங்கஸின் மரபணுத்தொகுதியில் அதன் சொந்தம் இருக்கிறது என்று 2010-இலேயே எழுதிவிட்டார்கள், யானைக்கால் புழு வகையான புருகியாவிலும் உண்டு. தாளத்தைத் தொலைத்தது பிரிஸ்டியோங்கஸ் என்றுதானே ஆரம்பித்தாய்? தோலுரிப்பு விஷயத்தில் உருப்படியாக எதையாவது தொலைத்தது நாம் எல்லோரும் தலையில் தூக்கி வைத்திருக்கும் சி. எலிகன்ஸ்தான்.

மட்டிப்பழம் எழுதியது:

பதினொரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, மழை.

அண்ணா சொன்னபடி கடைசித் தோலுரிப்பில் கொக்கி போட்டேன், தேன் அண்ணா சொன்னபடி ஜீன்களைப் பிரித்து, வட்டக் கோரிலேஷன் போட்டு, கலைத்துப் போட்டும் ஓட்டினேன். என் லேப்டாப் இரவு முழுவதும் ஓடியது, பாட்டி "அது ஏன் இப்படி மூச்சு வாங்குது" என்று எழுந்து வந்து பார்த்தாள். ஒன்றுக்கு ஒன்று என்று சொந்தம் தெளிவாக உள்ள ஜீன்களை மட்டும் முதலில் எடுத்தேன். ஒரு இனத்தின் கட்டத்துக்கு எதிரே மற்றதன் கட்டத்தைப் போட்ட படத்தில், எதிரெதிராக ஓடிய ஜோடிகளில் பெரும்பாலானவை மூலைவிட்டத்தை ஒட்டி வந்து உட்கார்ந்துவிட்டன. அன்று மாலை சாயா குடிக்காமலே எழுந்து நடந்துகொண்டிருந்தேன்.

கொலாஜன்தான் சரிப்பட்டு வரவில்லை. தோலே கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது, அலையும் ஜீன்களில் பெரிய கூட்டமும் அதுதான், ஆனால் யாருக்கு யார் சொந்தம் என்று தெரியவில்லை. இங்கே ஒருவருக்கு அங்கே ஐந்து பேர் பங்காளி. ஐந்தில் கட்டம் பொருந்துகிறவரைச் சொந்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் ஆசை வந்தது.

மார்த்தாண்டம்_தேன் எழுதியது:

அந்த ஆசையை அங்கேயே விடு. கட்டத்தைப் பார்த்துச் சொந்தம் தேடிவிட்டு, சொந்தத்தின் கட்டம் பொருந்துகிறது என்பாயா? கொலாஜனை ஜோடியாகப் பார்க்காமல் கூட்டமாகப் பார். இரண்டு இனத்திலும் சுற்றின் தொடக்கத்தில் எத்தனை, நடுவில் எத்தனை, முடிவில் எத்தனை உச்சம் தொடுகின்றன என்று இரண்டு வட்டப் படம் போடு, தனியாக ஒரு பத்தி எழுது, முடிந்தது.

புழுவண்ணன் எழுதியது:

அதே. கூடவே ஒரு வரி சேர்த்துக்கொள்: பிரிஸ்டியோங்கஸில் சில புழுக்களுக்கு அகன்ற வாயும் பெரிய பல்லும் வளரும், மற்ற புழுக்களைக் கடித்துத் தின்னும், சிலவற்றுக்குக் குறுகிய வாய், பாக்டீரியா மட்டும். எந்த வாய் என்று தீர்மானிக்கிற இ.யு.டி-1 ஜீனின் பிடியில் அலையும் கொலாஜன்களில் சிலவும் இருக்கின்றன என்று டூபிங்கன் கட்டுரையிலேயே வருகிறது. ஆகவே கொலாஜன் பொருந்தாத இடத்தில் எல்லாம் உன் ஸ்கிரிப்ட் தப்பு என்று நினைக்க வேண்டாம், சிலது நிஜமாகவே மாறியிருக்கும்.

சி. பிரிக்சேயின் டேட்டா எங்காவது கிடைத்தால் அதையும் சேர், எலிகன்ஸுக்கு நெருங்கிய உறவு, ஒப்பிடச் சுலபம். அதன் ஏ.எஃப்.16 என்கிற பெயர்பெற்ற வகை அகமதாபாத் மண்ணில் எடுத்தது. நம் சூட்டுக்கும் அதுதான் லாயக்கு, எலிகன்ஸ் 27 டிகிரிக்கு மேல் போனாலே குட்டி போடத் தகராறு பண்ணும்.

மட்டிப்பழம் எழுதியது:

நிஜப் பிரிஸ்டியோங்கஸை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வண்டில் இருக்கும் என்கிறார்களே, நம் பக்கத்து வண்டில் கிடைக்குமா?

புழுவண்ணன் எழுதியது:

தேடினால்தான் தெரியும். ரீயூனியன் தீவில் காண்டாமிருக வண்டின் ஒரு சொந்தக்கார வண்டில் கிடைத்திருக்கிறது, நம் தென்னையைத் துளைப்பவனும் அதே ஓரிக்டஸ் சாதிதான். வண்டைப் பாதியாக வெட்டி அகார் தட்டில் வை, பக்கத்தில் கொஞ்சம் ஈ. கோலை. வண்டு அழுக அழுக உள்ளே தூங்கிக்கொண்டிருந்த புழு பாக்டீரியாவைத் தின்ன வெளியே வரும், தினமும் பார், ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். நாற்றத்துக்கு நான் பொறுப்பில்லை. வாயில் பல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல், பல் இல்லையென்றால் வேறு ஏதாவது புழு.

ஏத்தன்குலை எழுதியது:

வண்டு வேண்டுமென்றால் எங்கள் உரக்குழிக்கு வா மகளே, கிளறினால் கை நிறைய வரும், தென்னங்குருத்தில் கம்பி விட்டு எடுத்ததும் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் நான் இருப்பேன். மூடி போட்ட டப்பா நீயே கொண்டு வா, போன தடவை ஒருவர் பிளாஸ்டிக் கவரில் வாங்கிப் போனார், பஸ்ஸில் ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்டது.

மட்டிப்பழம் எழுதியது:

வருகிறேன் சித்தப்பா. டப்பா இரண்டு கொண்டு வருகிறேன்.